எலியாஸுக்கு எத்தனை மாசம் என்று கேட்ட தம்பிக்கு

ஆம்பூர்,
18.11.2003, செவ்வாய்.

அன்புள்ள தம்பி இன்பசேகரனுக்கு,

உன் மூத்த அக்கா ஜெயசீலி, கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருந்து எழுதுவது. சுகம் என்று நான் எழுதியதில் இடது முழங்கால் சேராது. நீயும் உன் மனைவியும் பெங்களூர்க் குளிரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்களாகக் கடிதம் போட்டுச் சொல்லும் வழக்கம் இல்லாததால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "எலியாஸுக்கு எத்தனை மாசம்க்கா போட்டாங்க?" என்று கேட்டாய். நான் "எழுதுகிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டிருப்பாய். நான் பேசியது பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசாவின் போனில். அவள் பூண்டு உரித்துக்கொண்டே என் வாயைப் பார்த்தபடி எதிரில் உட்கார்ந்திருந்தாள். அது ஒரு காரணம். மற்றொன்று, மோசடி செய்தவனுக்குக் கோர்ட்டில் தண்டனை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை. எனக்கே அது விளங்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆகையால் முதலிலிருந்து எழுதுகிறேன். நீ பாதியை மறந்திருப்பாய், மீதியைக் கவனித்திருக்க மாட்டாய்.

எலியாஸ் நம் ஆலயப் பாடகர் குழுவில் டெனார் பாடுகிறவன். ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தான். கம்பெனியை மூடியதும் வீட்டிலேயே பைபிளுக்கு உறை தைத்து விற்க ஆரம்பித்தான். கறுப்பு உறை, ஜிப் வைத்தது, முன்பக்கம் தங்க நிறத்தில் சிலுவை. "சுத்தமான ஆட்டுத்தோலுங்க" என்று சொல்லி ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் கொண்டுவந்தான். சங்கத்துக்குத் தலைவி நான். எல்லாரும் ஆளுக்கொரு உறையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். ஏன் என்று உனக்குத் தெரியும். உன் அத்தான் முப்பது வருஷம் தோல் பதனிடும் டேனரியில் கெமிஸ்டாக இருந்தார், அவர் சட்டைகளைத் துவைத்தவள் நான். குரோம் உப்புப் போட்டுப் பதனிட்ட தோலா, மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் முகர்ந்தேன். "தோல்தான்" என்றேன். அவ்வளவுதான், சங்கம் முழுவதும் வாங்கிவிட்டது. நம்பிக்கை குறைந்த ஒன்றிரண்டு பேர் ஜிப்பின் நுனியில் தொங்கிய சின்ன வாரைத் தீக்குச்சியால் சுட்டுப் பார்த்தார்கள். முடி கருகின வாசனைதான் வந்தது, உருகவில்லை. அவர்களும் வாங்கினார்கள்.

அடுத்த பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஒவ்வொன்றாகப் பிரசங்கம். ஏப்ரல் வெயில், கரண்ட் போய்விட்டது, விசிறி நின்றுவிட்டது, வெள்ளைப் புடவை கட்டின பெண்கள் எல்லாரும் வியர்த்த கையில் பைபிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மூன்றாம் வார்த்தைக்கு ஆயர் வந்தபோது என் விரலில் கறுப்பாக ஏதோ ஒட்டியது, தட்டிவிட்டேன், அது மடியில் விழுந்தது, மடியைத் தட்டினேன், அது பரவியது. ஐந்தாம் வார்த்தைக்குள் பெண்கள் பக்கம் முழுவதும் தட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பொருளாளர் வியர்வை தாங்காமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள், நெற்றியில் சாம்பல் பூசும் சாம்பல் புதன் இரண்டாம் முறை வந்ததுபோல் ஆகிவிட்டது. ஆயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். டெனார் வரிசையில் எலியாஸ் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் ஜஹீருன்னிசா. "இன்னாக்கா, கோயிலுக்குப் போனியா, கரி வண்டி தள்ளப் போனியா?" என்றாள். உறையை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இது ரெக்சின்க்கா. புள்ளைங்க ஸ்கூல் பை இப்டித்தான் தோலு உரியும். இதப் போயி நீ தோலுன்னியா?" என்றாள். அன்று உபவாசம் என்பதால் நான் பதில் பேசவில்லை.

நான் கொடுத்த புகாரின்மேல் போலீஸ் விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. வேலூர் லாங் பஜாரில் ரெக்சின் வாங்கியிருக்கிறான். டேனரியில் தோலைச் சீவும்போது விழும் தூளை மூட்டையாகக் கொண்டுவந்து, அதில் மீன் எண்ணெய் விட்டுப் பிசைந்து, ரெக்சினை அதற்குள் வைத்து டிரங்குப் பெட்டியில் பூட்டி, தோல் வாசனை ஏறும்படி வாரக்கணக்கில் ஊறப்போட்டிருக்கிறான். ஜிப் நுனியில் தொங்கிய வார் மட்டும் நிஜத் தோல், சுட்டுப் பார்க்கிறவர்களுக்காக. தம்பி, இதே உறையைக் கொண்டுபோய் உங்கள் பெங்களூரில் விற்றிருந்தால் ஒருவரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். உள்பக்கத்தைப் பிரித்துத் துணியைப் பார்த்திருப்பார்கள், பில் கேட்டிருப்பார்கள். மூக்கை மட்டும் நம்பி வாங்குவது ஆம்பூர்க்காரர்களுக்குத்தான் வரும்.

அப்போது நீ என்ன சொன்னாய் என்பதை நினைவுபடுத்துகிறேன். "சமரசமா போய்டுக்கா. கோர்ட்டு பேஜாரு." அவன் வக்கீலும் அதையே சொல்லி அனுப்பினார். ஏமாந்தவர்கள் சம்மதித்து, கோர்ட்டும் அனுமதித்தால் இந்த வழக்கை ராஜியாக முடிக்கலாமாம். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் படித்த கான்வென்ட்டில் மதர் யூஜினி ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு தண்டனை வைத்திருந்தார். வகுப்பில் கிசுகிசுத்தால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். பொய் சொன்னால் முழங்கால். பொய்யையும் சொல்லி அதற்குச் சிலுவையையும் சாட்சி வைத்தால் முழங்காலோடு பிரம்பும் உண்டு. எலியாஸ் சிலுவையைத் தங்க நிறத்தில் அச்சடித்தே விற்றிருக்கிறான். சட்டப் புத்தகத்திலும் அதுமாதிரி, இந்த மோசடிக்கு இத்தனை மாதம் என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துக் கையெழுத்துப் போடுவதுதான் மாஜிஸ்ட்ரேட்டின் வேலை என்று நான் நினைத்தேன். அப்படி ஒரு வரி இல்லை. ஏழு வருஷம் வரை போடலாம் என்று இருக்கிறது, அதிலும் இந்தக் கோர்ட்டுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் போட அதிகாரம் இல்லை. "வரை" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மீதியை மனிதர்கள் கையில் விட்டிருக்கிறார்கள். மதர் யூஜினி இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

வாய்தா வாங்கியது, மழையில் நனைந்தது, கோர்ட்டு வராந்தாவில் ஜஹீருன்னிசா எனக்குத் துணையாக வந்து உட்கார்ந்து யார் யாருக்கு என்ன வழக்கு என்று எல்லாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். என்னைக் கூண்டில் ஏற்றிய நாளைச் சொல்கிறேன். எலியாஸின் வக்கீல் கெட்டிக்காரர். அவர் கட்சி என்னவென்றால், ஆம்பூர்ப் பெண்களுக்குத் தோல் தெரியும், விலை மலிவு என்பதற்காக ரெக்சின் என்று தெரிந்தேதான் வாங்கினார்கள், யாரும் ஏமாறவில்லை, ஏமாறாத இடத்தில் மோசடி எங்கிருந்து வந்தது? "அம்மா, நீங்க கெமிஸ்ட் வீட்டுக்காரம்மா. உங்க மூக்கு தப்பு பண்ணாதுன்னு ஊரே சொல்லுது, சரிதானே?" என்றார். "சரிதான்" என்றேன், நிமிர்ந்து நின்றேன். உடனே மாஜிஸ்ட்ரேட் அனுமதியோடு, போலீஸ் பிளாஸ்டிக்கில் கட்டி வைத்திருந்த விற்காத உறை ஒன்றைப் பிரித்து, நிஜத் தோல் துண்டு ஒன்றையும் எடுத்து, என் கண்ணை என் கர்சீப்பாலேயே கட்டச் சொல்லி, இரண்டையும் மூக்கருகே நீட்டினார். நான் சரியாகச் சொன்னால், தெரிந்தே வாங்கினாள் என்று அவர் கட்சி ஜெயிக்கும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் நன்றாக முகர்ந்து, வலது பக்கத்தைக் காட்டி, "இதுதான் தோல், சந்தேகமே இல்லை" என்றேன். பின்னாலிருந்து ஜஹீருன்னிசாவின் குரல் கேட்டது: "அய்யய்யோ, அக்கா!" கட்டை அவிழ்த்துப் பார்த்தால் நான் காட்டியது ரெக்சின். அன்று எனக்கு ஜலதோஷம் என்பதைக் குறித்துக்கொள். ஆனாலும் அந்த நிமிஷமே வழக்கு முடிந்துவிட்டது. முகர்ந்து வாங்குகிறவர்களை ஏமாற்றும் அளவுக்குத் திறமையாகச் செய்யப்பட்ட மோசடி இது என்று அரசு வக்கீல் எழுந்து சொன்னார், மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கொண்டார். என் மூக்கு தோற்றதால் என் வழக்கு ஜெயித்தது. நான் அழவில்லை. கர்சீப்பைத்தான் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

குற்றவாளி என்று போன மாதம் தீர்ப்பு வந்தது. அத்தோடு முடிந்தது, இப்போது மாதக்கணக்கைச் சொல்லி அனுப்புவார்கள் என்று நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மாஜிஸ்ட்ரேட் ஒரு சின்னப் பெண், நம் சங்கத்தில் இருந்தால் கடைசி வரிசையில்தான் உட்கார வைப்பேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தண்டனை பத்தி நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டது. யாரிடம் என்கிறாய்? குற்றம் செய்தவனிடம்! மதர் யூஜினி எங்களிடம் ஒருநாளாவது எந்தப் பிரம்பு வேண்டும் என்று கேட்டிருப்பாரா? ஜஹீருன்னிசா என் முழங்கையை இடித்து, "சட்டமாம்க்கா. கேட்டுட்டுதான் போடணுமாம். வராந்தால ஒக்காந்திருந்த ஜோலார்பேட்டை ரயில்வேக்காரரு சொன்னாரு" என்றாள்.

அவன் வக்கீல் எழுந்தார். இதுவரை ஒரு வழக்கும் இல்லை, வேலை போய்விட்டது, மனைவி ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறாள், ஏழெட்டுப் பேருக்கு ஏற்கெனவே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று சொன்னார். பிறகு அரசு வக்கீல். திட்டமிட்டுச் செய்தது, ஆலயத்தில் இருந்த நம்பிக்கையை உபயோகப்படுத்திக்கொண்டது, ஏமாந்தவர்கள் ஒருவரல்ல ஒரு சங்கம், இதையெல்லாம் பார்த்துக் கடுமையாகப் போட வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு உன் அத்தான் சொன்னது ஞாபகம் வந்தது. தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர் ஒவ்வொரு தோலாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இங்கே கத்தி பட்டிருக்கிறது, இங்கே உண்ணி கடித்திருக்கிறது, ஆனால் முதுகு நன்றாயிருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். ஒரு வெட்டு இருந்தால் முழுத் தோலையும் வீசமாட்டாராம், ஒரு வெட்டும் இல்லாதது மாதிரி முதல் தரத்திலும் போடமாட்டாராம். இந்தச் சின்னப் பெண் எலியாஸை அப்படித்தான் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அது சோம்பேறித்தனமான வேலை இல்லை என்பது தெரிந்தது.

கடைசியில் எலியாஸே பேசினான். கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "அம்மா, செஞ்சது தப்பு. நான் வேற யாருக்கும் பயப்படல. ஜெயசீலிம்மா மூக்கு ஒண்ணுக்குதான் பயம். அவங்க பாஸ் பண்ணிட்டா ஊரே பாஸ் பண்ணிரும்னு தெரியும். முதல் தரம் ஊற வெச்சேன், வாசன கம்மியா இருந்துச்சு, அவங்க கண்டுபுடிச்சிருவாங்க. ரெண்டாந்தரம் எண்ண ஜாஸ்தியாப் போச்சு. மூணாந்தரந்தான் தேறிச்சு. அவங்களுக்கோசரமே ரெண்டு மாசம் ஆச்சும்மா" என்றான். அவன் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டம் போட்டதற்கு வேறு சாட்சியே வேண்டாம் என்கிற மாதிரி அவனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான் அல்லவா! அரசு வக்கீல் சிரித்தார். மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தது. அந்தப் பேனா போகும் வேகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தராசில் அவனை உள்ளே தள்ளும் தட்டில் இருக்கிற பெரிய கல் எது தெரியுமா? என் மூக்கு. நான் சுமாரான மூக்குள்ள கிழவியாக இருந்திருந்தால் அவனுக்கு ஒரு வார வேலை, லேசான மோசடி. நான் கெட்டிக்காரி என்பதால் இரண்டு மாத வேலை, கனமான மோசடி. என் பெருமைக்கு அவன் ஜெயிலில் கூடுதல் மாதம் இருக்க வேண்டும்.

நான் எழுந்து நின்றேன். "அம்மா, உக்காருங்க. உங்க சாட்சி முடிஞ்சிருச்சு" என்றது அந்தப் பெண். "சாட்சி முடிஞ்சது. நான் முடியல" என்றேன். கோர்ட்டு எழுத்தர் பேஷ்கார் ஓடிவந்தார். மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி அவரை நிறுத்தி, "சரி, சுருக்கமா சொல்லுங்க" என்றது. நான் சொன்னேன்: "இவன் பொய்யன். பொய் சொல்லி விற்றான். ஆனால் இன்றைக்குப் பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான், இன்றைக்குத்தான் உண்மை சொல்கிறான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் கணக்குத் தப்பு." இதை இரக்கம் என்று நினைக்காதே. பாரபட்சமாகத் திருத்தப்பட்ட விடைத்தாளைக் கான்வென்ட் நாளிலிருந்தே நான் ஒத்துக்கொண்டதில்லை.

அதன் பிறகுதான் நன்னடத்தை அலுவலர் என்று ஒருவரை விசாரிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். முதல் குற்றம் என்றால், உள்ளே போடாமல் விட முடியுமா என்று பார்க்க வேண்டுமாம், முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணம் எழுத வேண்டுமாம். விடுவதற்குத்தான் காரணம் வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன், இவர்கள் போடுவதற்கும் காரணம் கேட்கிறார்கள். அந்த அலுவலர், நவீன்குமார் என்ற பையன், என் வீட்டுக்கு வந்தான். எலியாஸ் குடிப்பானா, மனைவியோடு எப்படி, அக்கம்பக்கத்தில் என்ன பெயர், வேலை செய்யத் தெரியுமா, ஊரில் தங்குவானா என்று கேட்டான். "இது தண்டனை விசாரணையா, மாப்பிள்ளை விசாரணையா தம்பி?" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாங்கம்மா. இவர நம்பி வெளிய விடலாமான்னு பாக்கறோம்" என்றான். ஜஹீருன்னிசா டீ கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னைக் கேட்டாள்: "நீ இன்னாதாங்க்கா சொல்ற? உள்ள போடுங்கறியா, வெளிய உடுங்கறியா? ஒண்ணு சொல்லு." நான் சொன்னேன், கான்வென்ட்டில் என் தையல் கோணலாக இருந்தால் மதர் யூஜினி பிரம்பை எடுக்க மாட்டார், நூலைப் பிரித்து என் கையிலேயே கொடுப்பார், நேராகும் வரைக்கும் திரும்பத் தைக்க வேண்டும். அடி வாங்கிய வலி மறந்துபோயிற்று, அந்தத் தையல் இன்றைக்கும் கோணாது. எலியாஸ் அத்தனை உறையையும் நிஜத் தோலில் திரும்பத் தைக்கட்டும். ஜெயிலில் உட்கார்ந்து யாருக்கு உறை தைப்பான்?

போன வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. இரண்டு வருஷம் நன்னடத்தை. தண்டனையை இப்போது சொல்லவில்லை, ஒழுங்காக நடந்து காட்ட வேண்டும், மாதம் ஒருமுறை நவீன்குமார் முன்னால் போய் நிற்க வேண்டும், தவறினால் கூப்பிட்டு உள்ளே போடுவார்கள். மீதிப் பேருக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். உறை தைத்துக் கொடு என்று உத்தரவு போடக் கோர்ட்டுக்குச் சட்டம் இல்லையாம், ஆனால் ஏமாந்தவர்கள் அதை ஏற்றுக்கொள்வதானால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று மாஜிஸ்ட்ரேட் சொன்னது. சங்கம் ஏற்றுக்கொண்டது. நான் ஓட்டெடுப்பு வைத்தேன், எதிர்த்தவர்களிடம் காரணம் எழுதித் தரச் சொன்னேன், ஒருவரும் எழுதவில்லை. எலியாஸின் மனைவி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள், அழுகையில் வரவில்லை. "ஜிப் நல்லதாகப் போடச் சொல்" என்றேன்.

ஆகையால் உன் கேள்விக்குப் பதில்: ஒரு மாசமும் இல்லை. ஆனால் நான் மன்னித்துவிட்டேன் என்று உன் மனைவியிடம் சொல்லிவிடாதே, அவள் அதைச் சென்னை வரைக்கும் சொல்வாள். நான் ராஜி ஆகவில்லை. வழக்கை நடத்தி, ஜெயித்து, குற்றவாளி என்று எழுத வைத்தவள் நான். நீ சொன்ன சமரசம் வேறு, இது வேறு. எலியாஸ் என் வாசற்படியை மிதிக்கக்கூடாது என்பதில் மாற்றமில்லை. இந்த விஷயத்தில் உன் உதவி எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை, இனியும் தேவைப்படாது. இதற்காக நீ லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் சளி, காய்ச்சல், தவறான சாட்சி இவற்றிலிருந்து காப்பாராக. உன் மனைவிக்கு என் அன்பு. அவள் அனுப்பிய சால்வை சற்று நீளம் கம்மி, மற்றபடி நல்லது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அக்கா,
ஜெயசீலி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது கோர்ட்டிலிருந்து ஆள் வந்தது. நன்னடத்தைப் பத்திரத்துக்கு ஊரில் சொத்துள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள் போடாவிட்டால் உத்தரவு நிற்காது, எலியாஸ் உள்ளே போகவேண்டியதுதான். அவன் சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. நானே போடுகிறேன் என்று போனேன். பேஷ்கார் வீட்டு வரி ரசீதைப் பார்த்துவிட்டு, "இது உங்க தம்பி பேர்ல இருக்குதும்மா" என்றார். அப்பா உன் பெயரில் வைத்துவிட்டுப் போனதை நான் இந்த வீட்டில் இருந்த இத்தனை வருஷத்தில் மறந்தே போயிருக்கிறேன். ஆகையால் உடனே லீவு போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வா. அவன் தவறினால் பணம் உன்னிடம்தான் வசூலிப்பார்கள், தவறமாட்டான், நான் பார்த்துக்கொள்கிறேன், முன் அறையில் என் கண்ணெதிரில்தான் காலையிலிருந்து தைத்துக்கொண்டிருக்கிறான். உனக்குப் பூரண சம்மதம் என்று மாஜிஸ்ட்ரேட்டிடம் சொல்லிவிட்டேன். வர முடியாது என்று தந்தி கிந்தி அடிக்காதே. அடித்தாலும் நான் பிரிக்கப்போவதில்லை.